பட்டாணி பக்கத்துல சத்தம் போடாதீங்க

— கையைக் கழுவினேன் சிஸ்டர், சத்தியமா கழுவினேன். மோந்து வேணா பாருங்க.

— உங்க கையை நான் எதுக்கு அண்ணா மோந்து பாக்கணும்? முழங்கை வரைக்கும் சோப்பு போடணும்னு வர்றப்பல்லாம் சொல்றேன். முழங்கையில தூசி அப்படியே இருக்கு.

— பஸ் ஸ்டாண்டு தூசி சிஸ்டர். என்னை விட்டுப் பிரிய மனசில்லாம ஒட்டிக்கிட்டு வருது.

— என்னங்க, வந்ததும் வராததுமா சிஸ்டர்கிட்ட என்ன பேச்சு? போய் இன்னொரு தரம் கழுவிட்டு வாங்க. பாப்பா எங்கயும் ஓடிப் போயிடமாட்டா.

— இவ ஒருத்தி, கட்டில் பக்கத்துல இடம் பிடிச்சுட்டா என்னமோ ஆஸ்பத்திரியையே வாங்கிட்ட மாதிரி பேசுவா. சரி, போறேன், போறேன்.

...

— ஆச்சு. பாருங்க, கல்யாணத்தன்னிக்குக்கூட நான் இவ்வளவு சுத்தமா இல்ல.

— அது எனக்கே தெரியுமே.

— எங்க என் பட்டாணி? அட! அட அடடா! கண்ணைத் திறந்திருக்கா! சிஸ்டர், பாருங்க, என்னைத்தான் பாக்கறா!

— மெதுவா அண்ணா! பட்டாணி பக்கத்துல சத்தம் போடாதீங்கன்னு சொன்னேனா இல்லையா? மயக்க மருந்தைக் கொஞ்சம் குறைச்சிருக்கோம். அதான் முழிச்சிருக்கா.

— பழக்கதோஷம் சிஸ்டர். காலையிலேருந்து மைக்குல எந்த பஸ் எங்க நிக்குதுன்னு கத்திட்டு நேரா இங்க வர்றேன். தொண்டைக்கு இன்னும் டூட்டி முடிஞ்சது தெரியல.

— இந்த ஸ்டூல்ல உட்காருங்க. இல்ல, அப்படி இல்ல. இந்தப் பக்கம் திரும்பி, பாப்பா முகத்தைப் பாத்த மாதிரி.

— இப்படி உட்கார்ந்தா டிவி தெரியாதே.

— அது டிவி இல்லங்க, மானிட்டர். உங்களுக்கு அது தெரிய வேண்டாம்னுதான் சிஸ்டர் இப்படி உட்காரச் சொல்றாங்க.

— அந்த நம்பரைப் பாக்கலைன்னா எனக்கு மனசு ஆறாதும்மா.

— பாத்தா மட்டும் ஆறுதா? அதுல ஒரு நம்பர் இறங்கினா உங்க முகம் ரெண்டு நம்பர் இறங்குது. நான் பாத்துக்கறேன் அண்ணா, அதுக்குத்தான் சம்பளம். நீங்க மகளைப் பாருங்க.

— சிஸ்டர், ஒண்ணு கேக்கறேன், தப்பா நினைக்காதீங்க. மருந்தை எதுக்குக் குறைச்சீங்க? இன்னிக்குத் தொண்டைக் குழாயை எடுக்கப் போறீங்களா?

— அதையெல்லாம் டாக்டர்தான் முடிவு பண்ணணும். வருவாங்க.

— வேணாம் சிஸ்டர். இன்னிக்கு வேணாம். உங்களுக்குப் புண்ணியமா போகும், நீங்களே டாக்டரம்மாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க. இன்னும் ரெண்டு மூணு நாள் அந்த மெஷினே மூச்சு குடுக்கட்டும். அவ ஆஞ்சு ஓய்ஞ்சு படுத்திருக்கட்டுமே, யார் கேட்டா?

— ரொம்ப நாள் மெஷினையே நம்பியிருந்தா மூச்சு விடுற தசை சோம்பேறி ஆயிடும் அண்ணா. சளி கட்டும், காய்ச்சல் வரும். எடுக்க முடியும்னு தெரிஞ்சா எடுத்துடறதுதான் அவளுக்கு நல்லது.

— எனக்குப் புரியாததே அதுதான். ஓட்டையைத்தான் அடைச்சாச்சே? ஆபரேஷன் நல்லா முடிஞ்சதுன்னு கைகுடுத்துச் சொன்னாங்களே? அப்புறமும் எதுக்கு இந்த மெஷின்?

— இதயத்துல அவ்வளவு பெரிய ஓட்டை இருந்துச்சு இல்ல? பிறந்ததுலேருந்து அது வழியா நுரையீரலுக்கு வேண்டியதுக்கு மேல ரத்தம் பாஞ்சுக்கிட்டே இருந்துச்சு. நுரையீரல் தண்ணியில ஊறின போர்வை மாதிரி கனத்துப் போச்சு. ஓட்டையை ஒரே நாள்ல அடைச்சுடலாம். போர்வை காயறதுக்கு நாளாகும்.

— அப்ப காயட்டும். அதத்தானே நானும் சொல்றேன்!

— என்னங்க, குரலு.

— சரி, சரி. ஆனா நீயே சொல்லு. அன்னிக்கு இவளா மூச்சு விடுறாளான்னு பாக்கறதுக்கு மெஷினைக் குறைச்சாங்களா? முதல்ல நல்லாத்தான் இருந்தா. அப்புறம் மூக்கு விரியுது, நெஞ்சு குழி விழுந்து உள்ள இழுக்குது. எலும்பெல்லாம் தெரிஞ்சுது. எனக்கு உசுரே இல்ல.

— அன்னிக்கு நீங்க என்ன பண்ணினீங்க?

— நான் என்ன பண்ணினேன்? நின்னேன்.

— நின்னீங்களா! மானிட்டர் ஒரு தடவை கூவினா நீங்க ரெண்டு தடவை கூவினீங்க. அவ பயந்து அழுதா. அடுத்த கட்டில் குழந்தையோட அப்பா எந்திரிச்சு ஓடியே போயிட்டார்.

— அந்த ஆள் டீ குடிக்கப் போனார்மா.

— அண்ணா, ஒண்ணு சொல்லிடறேன். அன்னிக்கு உங்க சத்தத்தால மட்டும் ஒண்ணும் கெட்டுப் போகல. நுரையீரல் அப்ப தயாரா இல்ல, அவ்வளவுதான். அதுக்கப்புறம் மருந்து குடுத்து நிறைய தண்ணி வெளியேத்தியிருக்கோம். கன்னம் வத்தியிருக்கு பாருங்க.

— ஆமா. இப்பதான் அவ அம்மா ஜாடை தெரியுது. உப்பியிருந்தப்ப என்னை மாதிரி அழகா இருந்தா.

— சிஸ்டர், இவர் வாயில வைக்கறதுக்கு உங்ககிட்ட ஏதாவது குழாய் மிச்சம் இருக்கா?

— பெரியவங்க சைஸ் இங்க இல்லக்கா. இருந்தா எப்பவோ வெச்சிருப்பேன்.

— சிரிங்க, சிரிங்க. உங்க ரெண்டு பேருக்கும் என் கஷ்டம் புரியாது. குழாய் தொண்டைக்குள்ள இருக்கறதால அவ அழுதா சத்தமே வரமாட்டேங்குது. வாய் கோணுது, கண்ணுல தண்ணி கொட்டுது, சத்தம் மட்டும் இல்ல. எனக்குச் சத்தம்தான் பொழப்பு. என் பொண்ணு சத்தமில்லாம அழறதை நான் எப்படிப் பாக்கறது?

— ஏய்... என்னங்க... இங்க பாருங்க. அவளைப் பாருங்க. இப்ப அழறாளா?

— இல்ல.

— அப்புறம் நீங்க எதுக்கு அழறீங்க? மூக்கைத் துடைங்க. அவகிட்ட ஏதாவது பேசுங்க. நீங்க பேசினா அவ கண்ணு உங்க பக்கம்தான் வருது.

— என்ன பேசறது?

— ஊருக்கெல்லாம் பேசறீங்களே, எங்களைக் கேட்டா பேசறீங்க? ஆனா அடங்கின குரல்ல.

— சரி. ம்ம்... பயணிகளின் கனிவான கவனத்திற்கு! மூன்றாம் கட்டிலிலிருந்து வீட்டுக்குப் புறப்பட வேண்டிய பட்டாணி விரைவு வண்டி, சற்றே தாமதமாக இயங்கிக் கொண்டிருக்கிறது. ஓட்டுநர் தூங்கி எழுந்து கண்ணைக் கசக்கிக் கொண்டிருக்கிறார். பயணிகள் பொறுமை காக்கவும்.

— அண்ணா, புருவத்தைத் தூக்கறா பாருங்க! விடாதீங்க, பேசுங்க.

— வண்டியின் உள்ளே பால் பாட்டில், கிலுகிலுப்பை, அம்மாவின் முந்தானை ஆகியவை தயார் நிலையில் உள்ளன. வழியில் அப்பாவின் தோள் என்னும் நிறுத்தத்தில் வண்டி நெடுநேரம் நிற்கும்.

— அம்மா மடி?

— அம்மா மடியில் நின்றால் வண்டி தூங்கிவிடும் என்பதால் அங்கே நிற்காது.

— இதெல்லாம் அநியாயம். நான் புகார் குடுப்பேன்.

— புகார் கொடுக்கிறவர்கள்... ஐயோ! என்ன சத்தம் அது? சிஸ்டர்! மெஷின் கத்துது! சிஸ்டர்!

— இங்கதான் நிக்கறேன் அண்ணா. சளி வந்து குழாயில அடைக்குது, வேற ஒண்ணும் இல்ல. உறிஞ்சி எடுத்துடறேன். நீங்க எந்திரிக்காதீங்க. பேசிக்கிட்டே இருங்க.

— எப்படி சிஸ்டர் பேசறது? நாக்கு ஒட்டிக்கிச்சு.

— பேசுங்க. எனக்காகப் பேசுங்க. அவ உங்களைத்தான் பாக்கறா.

— பயணிகளின்... பயணிகளின் கனிவான... பட்டாணி, அப்பா இங்கதான் இருக்கேன் கண்ணு. ஒண்ணுமில்ல. சிஸ்டர் அக்கா உனக்கு மூக்கு சிந்தி விடறாங்க. அவ்வளவுதான். இதோ, இதோ... ஏம்மா, என் கையை ஏன் இப்படி நெறிக்கறே? எலும்பு உடையுது.

— ஏசி ஜாஸ்தியா இருக்கு. குளிருது.

— உள்ளங்கை வேர்த்திருக்கு, குளிருதுங்கறே?

— ஆச்சு அண்ணா. சத்தம் நின்னுடுச்சு பாருங்க. சளி நல்லா வந்துடுச்சு. ராசாத்தி, சமத்துக்குட்டி, எப்படி இருமினா பாத்தீங்களா? இருமறது ரொம்ப நல்லது.

— நல்லதா? இருமலுக்கு இப்படிச் சந்தோஷப்படற ஆளை நான் இன்னிக்குத்தான் பாக்கறேன். அப்பாடா. சிஸ்டர், ஒரு வாய் தண்ணி கிடைக்குமா?

— வெளியில போய்த்தான் குடிக்கணும். கொஞ்சம் பொறுங்க, டாக்டர் வந்துட்டாங்க.

— வணக்கம் டாக்டரம்மா.

— வணக்கம், வணக்கம். உங்க அறிவிப்பு காரிடார் வரைக்கும் கேட்டுச்சு. நான்கூட எந்த பஸ்ல ஏறணும்னு யோசிச்சேன். சிஸ்டர், எப்படி இருக்கா நம்ம பட்டாணி?

— நல்லா இருக்கா டாக்டர். ஆக்சிஜன் இறங்கவே இல்ல. மூக்கு விரியல, நெஞ்சு இழுக்கல. நடுவுல சளி மட்டும் கொஞ்சம் வந்துச்சு, நல்லா இருமித் தள்ளினா. ரத்த டெஸ்டும் வந்துடுச்சு, இதோ பாருங்க.

— அடடே, பிரமாதமா இருக்கே! நெஞ்சுலயும் காத்து ரெண்டு பக்கமும் நல்லாப் போகுது. சரி, குழாயை எடுத்துடலாம். எல்லாம் தயார் பண்ணுங்க.

— டாக்டரம்மா! ஒரு நிமிஷம். கையெடுத்துக் கும்பிடறேன். இப்படித் திடுதிப்புன்னு எடுக்காதீங்க. போன தடவை மெஷினைக் குறைச்சு, இவளா மூச்சு விடுறாளான்னு ஒரு பரீட்சை வெச்சீங்க இல்ல? அதை வெச்சுப் பாருங்க முதல்ல. அதுல பாஸ் பண்ணினா அப்புறம் குழாயைத் தொடுங்க. நான் கத்த மாட்டேன். வேணும்னா ரோட்டைத் தாண்டிப் போய் நிக்கறேன்.

— ஏம்மா, உங்க வீட்டுக்காரர்கிட்ட நீங்க இன்னும் சொல்லலையா?

— சொல்லியிருந்தா இப்படி உட்கார்ந்து கதை பேசியிருப்பாரா டாக்டர்? நான்தான் சிஸ்டரையும் சொல்ல வேண்டாம்னு கெஞ்சிக் கேட்டுக்கிட்டேன்.

— என்னத்தைச் சொல்லல? எனக்குத் தெரியாம என்ன நடக்குது இங்க? யாராவது வாயைத் திறங்களேன்!

— என்னங்க, பதறாதீங்க. உட்காருங்க. நீங்க டூட்டி முடிச்சு வர்றதுக்கு முன்னாடியே மெஷினைக் குறைச்சாச்சுங்க. நீங்க இவ்வளவு நேரம் பேசினது பூராவும் அவ தன் சொந்த மூச்சுலதான் கேட்டுக்கிட்டிருந்தா.