கம்பெனிப் பை உள்ளே போனால்

10.6.2025, செவ்வாய், காலை 11.40, அனல் வெயில். திண்டுக்கல்லில் ஒரு டாக்டரின் வாசலில் ரத்த அழுத்தத்துக்கு மருந்து எழுதி வாங்கக் காத்திருந்தேன். கனத்த பையோடு வந்த மருந்துக் கம்பெனிக்காரர் எங்கள் ஒன்பது பேரையும் முந்தி உள்ளே போனார்.

“அவருக்கு என்னடா சீக்கு?” என்றார் வடமதுரையிலிருந்து வந்திருந்த அம்மாள்.

“சீக்கெல்லாம் நமக்குத்தேன், ஆத்தா. அவரு பிரஷர் மாத்திரை விக்க வந்திருக்காரு,” என்றார் கூட வந்த மகன்.

“போச்சு! இப்பத் திங்கிற மாத்திரையிலதேன் தலசுத்தல் நின்னு தோட்டத்துல பூ எடுக்கப் போறேன். போன தடவ மாத்தி எழுதுனதுலதேன் வரப்புல விழுந்தேன்.”

“வெத்து மாத்திரை அட்டையக் காட்டி, இதுதேன் வேணும்னு சொல்லு.”

பைக்காரர் வெளியே வந்ததும், அட்டையோடு உள்ளே போன அம்மாள் புதுச் சீட்டோடு திரும்பினார்.

“இது அதவிட நல்லதாம்ப்பு.”

“யாரு சொன்னா, பைக்காரரா?”

அடுத்து நான் போனேன். நான்கு வருடமாக எனக்கு ஒத்துக்கொண்ட மாத்திரையும் மாறியது. டாக்டர் கட்டணம், புது மாத்திரை சேர்த்து ரூபாய் 1,160.