ரம் இல்லாத மொஹிட்டோ

புதினா வாங்கும்போது இலையைப் பார்க்கக் கூடாது ஐயா, தண்டைப் பார்க்க வேண்டும். தண்டு கறுத்திருந்தால் வீட்டுக்கு வருவதற்குள் கட்டு முழுவதும் வாடிவிடும். இதைச் சொல்லிக் கொடுத்தவர் என் கணவர். முப்பத்தொரு வருடம் ஒரே ஓட்டலின் பாரில் நின்று, புதினாவும் ரம்மும் சேர்த்து மொஹிட்டோ கலந்தவர். நீங்கள் முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். எனக்கு முதல் என்றால் புதினாதான்.

அவர் மற்றவர்களுக்கு ஊற்றிக் கொடுத்ததோடு நிற்கவில்லை. ஈரல் கெட்டுப்போயிற்று. ஆறு மாதம் ஒரு சொட்டுக்கூடத் தொடாமல் இருந்தால் மாற்று ஈரல் வைக்கலாம், அதற்கு மாதாமாதம் பரிசோதனை உண்டு என்றார் டாக்டர். ஈரல் கொடுக்க என் மகள் முன்வந்தாள். ஒரே மகள், இருபத்தாறு வயது, நீச்சல் சொல்லிக் கொடுப்பவள். பாதிக்கு மேல் வெட்டி எடுப்பார்களாம். "பயப்படாதீங்கம்மா, நகம் மாதிரி திரும்ப வளர்ந்துடும்" என்றார் டாக்டர். நகம் வெட்டுவதற்கு யாரும் ஆறு இடத்தில் கையெழுத்து வாங்குவதில்லை.

நான் சும்மா இருக்கவில்லை. மகளிடம் கெஞ்சினேன். "எங்கப்பாம்மா அவரு. நீ இதுல தலையிடாதே" என்றாள். கணவரிடம் கேட்டேன். "நானா கேட்டேன்? அவளாத்தானே தர்றேங்கறா" என்று பேப்பரில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். டாக்டரிடம் போனேன், அச்சடித்த தாள் ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்பினார். குடித்தது அவர், கத்தி என் பிள்ளைக்கு. இதில் எங்கே நியாயம் இருக்கிறது என்று நீங்களே சொல்லுங்கள். கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருப்பதைத் தவிர எனக்கு ஒரு வழியும் தெரியவில்லை.

மாலை ஆறு மணியானால் அவருக்குக் கை நடுங்கும். பார் திறக்கும் நேரம் அது. அதனால் ரம் இல்லாத மொஹிட்டோ போட்டுத் தரச் சொன்னார். சமையலறை மேசையில் உட்கார்ந்துகொண்டு அவர் சொல்லச் சொல்ல நான் செய்வேன். கிளாஸில் எட்டு இலை, இரண்டு ஸ்பூன் சர்க்கரை, ஒரு எலுமிச்சம்பழச் சாறு. மரக்கட்டையால் இலையை லேசாக அழுத்த வேண்டும். "இடிக்காதடி, அழுத்து. நசுங்கினா கசக்கும்" என்பார். பிறகு ஐஸ், சோடா. ஒரு வாய் குடித்துக் கண்ணை மூடி, "சர்க்கரை கொஞ்சம் தூக்கல்" என்று தீர்ப்புச் சொல்வார்.

அது வெறும் நடிப்பு. ஒரு நாள் அடுப்பில் பால் தீய்ந்து வீடே நாறியது. பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. நோய் அவருடைய மூக்கையும் நாக்கையும் தின்றுவிட்டிருந்தது. மறுநாள் சர்க்கரையே போடாமல் கொடுத்துப் பார்த்தேன். "இன்னிக்குத்தான் அளவு கச்சிதமா இருக்கு" என்றார். பாரில் நின்ற மனிதனுக்கு மூக்கு செத்துவிட்டது என்று யாராவது சிரித்துவிடுவார்களோ என்று டாக்டரிடமும் மகளிடமும் அவர் வாயே திறக்கவில்லை. நானும் காட்டிக்கொடுக்கவில்லை. இத்தனை வருடக் குடித்தனத்தில் அவருடைய மானத்தை நான் எப்போதும் காப்பாற்றித்தான் வந்திருக்கிறேன்.

இரண்டாம் மாதம், இரண்டு பஸ் நிறுத்தம் தள்ளியிருந்த கடையில் வெள்ளை ரம் வாங்கினேன். காலி வினிகர் பாட்டிலைக் கழுவி அதில் ஊற்றி வைத்தேன். தினமும் ஐஸ் எடுக்க அவருக்கு முதுகு காட்டும்போது ஒரு மூடியளவு, அவ்வளவுதான். தொண்டையில் சுரீரென்கிறதே என்றார். இஞ்சி தட்டிப் போட்டிருக்கிறேன் என்றேன். அவரைக் கொல்வது என் எண்ணம் இல்லை. பரிசோதனையில் தோற்றால் போதும். மாற்று ஈரல் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள், மகள் வயிற்றில் கத்தி படாது. அதற்கப்புறம் அவர் என்ன ஆவார் என்று நான் யோசிக்கவில்லை. யோசிக்க நேரம் இருந்தது, ஆனாலும் யோசிக்கவில்லை.

ஒரு நாள் கிளாஸைக் காலி செய்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். "குடிக்காம இருக்கறது இவ்வளவு நிம்மதின்னு இத்தன நாள் தெரியாமப் போச்சேடி" என்றார். கிளாஸைக் கழுவி வைத்தேன்.

மூன்றாம் மாதப் பரிசோதனையில் மாட்டிக்கொண்டார். ஆறு மாதக் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும், இன்னொரு தடவை என்றால் பெயரை அடித்துவிடுவோம் என்றார்கள். வீட்டுக்கு வந்ததும் மகளிடம் மன்றாடினார். "சத்தியமாத் தொடலம்மா. வேணும்னா உங்கம்மாவக் கேட்டுப் பாரு." மகள் என்னைப் பார்த்தாள். "எனக்கென்ன தெரியும்" என்று சொல்லிவிட்டு ஐஸ் தட்டில் தண்ணீர் நிரப்பப் போய்விட்டேன்.

அடுத்த பரிசோதனையிலும் அதே முடிவு. பெயரை அடித்துவிட்டார்கள். "போதும்ப்பா. இனிமே எங்கிட்டப் பேசாதீங்க" என்றாள் மகள். அவரோ தன்னையே சந்தேகப்படத் தொடங்கினார். தூக்கத்தில் எழுந்துபோய்க் குடிக்கிறேனோ என்று என்னிடம் கேட்டார். படுக்கையறைக் கதவை வெளியிலிருந்து பூட்டிவிடச் சொன்னார். பூட்டினேன். ஐந்து மாதத்தில் போய்ச் சேர்ந்தார். கடைசி வரை மகள் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

போன வாரம் ஜன்னல் கண்ணாடி துடைப்பதற்காக அவள் வினிகர் பாட்டிலைத் திறந்தாள். மோந்து பார்த்தாள். இன்று என்னை இந்த ஸ்டேஷனுக்குக் கூட்டி வந்தவள் அவள்தான். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். வழி முழுக்க ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "எனக்காகவாம்மா?" ஆமாம் என்றேன்.

ஆஸ்பத்திரிக் காகிதங்களை நீங்கள் புரட்டுகிறீர்கள், எப்படியும் கண்ணில் படும், அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். அவர் முதல் தடவை மாட்டிய மறுவாரம் நர்ஸ் வீட்டுக்குப் போன் செய்தாள். மகளின் ஈரல் ஒத்துவராதாம். ரத்தக் குழாய்கள் வேறு மாதிரி இருக்கின்றனவாம். அவளை எடுத்துக்கொள்ள மாட்டோம், இறந்தவர் யாருடைய ஈரலாவது கிடைக்கும்வரை அவர் குடிக்காமல் இருந்தால் போதும் என்றாள். "உங்க பொண்ணுகிட்ட நீங்களே சொல்லிடுங்கம்மா" என்றாள். சரி என்றேன். சொல்லவில்லை.

அன்று மாலையும் அவர் மேசையில் வந்து உட்கார்ந்திருந்தார். கல்யாணமான நாளிலிருந்து அந்த நேரத்தில் யார் யாருக்கோ கலந்து கொடுத்துக்கொண்டிருந்த மனிதர், இப்போது என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மாலைகளில் நான் சந்தோஷமாக இருந்தேன் ஐயா, அதை மறைக்கவில்லை. "உடம்பு தேறினதும் ஓட்டல்ல பழைய எடத்துக்கே வரச் சொல்றாங்கடி. சாயங்காலம் மட்டும்தான்" என்றார். நான் ஐஸ் எடுக்கத் திரும்பிப் பாட்டிலை எடுத்தேன். அன்றைக்கு மூடியால் அளக்கவில்லை.

அந்தப் போன் வந்த தேதிக்கு ஏன் அடிக்கோடு போடுகிறீர்கள்? அது இதில் சேர்த்தியில்லை. மகளைக் காப்பாற்றத்தான் செய்தேன் என்று மட்டும் எழுதுங்கள், ஐயா. அவள் படித்துப் பார்ப்பாள்.