சிஸ்டர் ரொசாரியாவின் முழங்கால்

ஹலோ... ஹலோ, ஃபெர்கல்? நான்தான் நுவாலா... ஆமா, ஆமா, ரோம்லதான், வேற எங்க... மெதுவாத்தான் பேசுவேன், கன்னியர் மடத்துல இருந்துக்கிட்டு கத்தவா முடியும்... ரூம் நல்லாத்தான் இருக்கு. கட்டில், மேஜை, சிலுவை. ஹோட்டல்ல ஒரு ராத்திரிக்குக் கேக்குற காசுல இங்க நாலு நாள்... அதைப் பத்திதான்ப்பா சொல்ல வந்தேன். பின்னால என்ன சத்தம், பப்லயா இருக்க?... மழையா இருந்தா என்ன, நம்ம ஊரு லிமெரிக்ல என்னைக்கு மழை இல்ல? மேட்ச் அப்புறம் பாத்துக்கலாம். வெளிய வா.

வந்துட்டியா?... கோவப்படாமக் கேளு. இந்த ரூமுக்கு ஒரு படிவம் நிரப்பினேன்ல... வேண்டுதலோட வர்றவங்களுக்கு மட்டும்தான் இந்த வாடகை. உங்க வேண்டுதல் என்னன்னு ஒரு கட்டம் இருந்துச்சு. ஊர் சுத்த, ஐஸ்கிரீம் சாப்பிடன்னா எழுத முடியும்?... கணவருக்கு இதய ஆபரேஷன்னு போட்டுட்டேன்... உனக்குத்தான். எனக்கு வேற எத்தனை புருஷன்?... சிரிக்காத... சிரிக்காதன்னு சொல்றேன்ல.

இல்ல, யாரும் கண்டுபிடிக்கல. கண்டுபிடிச்சிருந்தா நிம்மதியா இருந்திருக்கும்... வந்த அன்னைக்கே, ஆபரேஷன் எப்பன்னு கேட்டாங்க. வாய்க்கு வந்தபடி வியாழக்கிழமைன்னேன்... ஆமா, ஆமா, இன்னைக்குத்தான். ஏழு சிஸ்டரும் காலையிலேருந்து ஒருசந்தி. வாயில பச்சைத்தண்ணி படல... எல்லாரும் எழுபதைத் தாண்டினவங்க. உன் போட்டோ கேட்டாங்க, குடுத்தேன்... அதான், உங்க அண்ணன் கல்யாணத்துல பீர் கிளாஸோட நிப்பியே, அது. கிளாஸை வெட்டிட்டு முகத்தை மட்டும் மாதா காலடியில வச்சிருக்காங்க... உனக்கு வேடிக்கையா இருக்கு. தினமும் அது முன்னால முட்டி போடுறது நான்தானே.

இரு, முழுசாக் கேளு. சிஸ்டர் ரொசாரியான்னு ஒருத்தங்க. வயசு எண்பத்தொண்ணு. இங்க புனிதப் படிக்கட்டுன்னு ஒண்ணு இருக்குல்ல... அதேதான், முட்டி போட்டே ஏறுறது. இருபத்தெட்டு படி. நான் கடைவீதியெல்லாம் சுத்தி, புதுச் செருப்பு வாங்கிட்டு மத்தியானம் வர்றேன், சிஸ்டரை ரெண்டு பேர் கைத்தாங்கலா கூட்டிட்டு வர்றாங்க... உனக்காகத்தான் ஏறினாங்களாம். முழங்கால் ரெண்டும் பூசணிக்கா மாதிரி வீங்கிக் கிடக்கு. ஐஸ் வச்சு விட்டேன். என் கையைப் பிடிச்சுக்கிட்டு, பயப்படாதே நுவாலா, பிழைச்சுக்குவாருன்றாங்க... அசிங்கமா இல்லையான்னா கேக்குற?

எனக்கும் அசிங்கமாத்தான் இருக்கு... இப்ப அவங்க உன் குரலைக் கேக்கணுமாம். உனக்கு மயக்கம் தெளிஞ்சதும் போனைக் குடுன்னாங்க. ஈனஸ்வரத்துல ரெண்டு வார்த்தை பேசிடு, போதும், நான் நாளைக்கே கிளம்பிடறேன்... ஆமா, மறுபடியும் பொய்தான். தெரியுது. உண்மையைச் சொல்லிட்டு அந்த முழங்காலை எப்படிப் பாக்குறது, அதைச் சொல்லு நீ... சரி... சரி, பேசுறியா?... இருமாத, இதயத்துக்கு எதுக்கு இருமல்? கொஞ்சம் மூச்சு வாங்கு... ம்ம். அது போதும்.

கதவு தட்டுறாங்க, இரு... வாங்க சிஸ்டர். ஐயோ, நீங்க ஏன் எழுந்து வந்தீங்க, நான் வர மாட்டேனா? சுவரைப் பிடிங்க, மெதுவா... ஆமா, அவர்தான்... ஆமா, முழிச்சிட்டாரு... அழாதீங்க சிஸ்டர். தயவுசெஞ்சு அழாதீங்க.

ஃபெர்கல், பேசாத... வேணாம், மூச்சும் வாங்க வேணாம்... வெளிய அனுப்பினா அனுப்பட்டும், ஸ்டேஷன்ல படுத்துக்கறேன்... என்னால முடியலப்பா... இல்ல, வைக்காத. உன் பேரைச் சொல்லித்தானே பண்ணேன், நீயும் கேளு.

உக்காருங்க சிஸ்டர். கட்டில்ல காலை நீட்டிக்கோங்க. அவருக்கு ஒண்ணும் இல்ல... கடவுளுக்கு இப்பவே நன்றி சொல்லாதீங்க. அவருக்கு எப்பவுமே ஒண்ணும் இருந்ததில்ல.