வருஷத்தைக் குறுக்கிக்கொள்ளுங்கள்

இணைய இதழில் பழைய செய்தி தேடுகிறவர்கள் பொதுவாக ஒரு தப்புச் செய்கிறார்கள். வெறும் பெயரை அடித்துவிட்டு, வந்து விழும் குவியலைப் பார்த்து மலைத்து எழுந்துவிடுகிறார்கள். பெயரோடு ஊரையும் சேர்க்க வேண்டும். அப்புறம் வருஷத்தைக் குறுக்கிக்கொள்ள வேண்டும். வருஷம்தான் முக்கியம்.

இதெல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுத்தது பிரிஸ்கில்லா. திண்டுக்கல்லில் நடக்கும் 'கோட்டைக்குரல்' இணைய இதழுக்கு நான் ஆசிரியர். மற்ற எல்லாமே அவள். மேடையில் என்னை 'மாவட்டத்தின் மனசாட்சி' என்று அழைப்பார்கள். அந்த மனசாட்சிக்கு ஒரு போட்டோ ஏற்றத் தெரியாது. அவள் லீவு போட்டால் அன்றைக்கு மாவட்டத்தில் எதுவுமே நடக்காது.

அவளுக்குக் கோயம்புத்தூர் மாப்பிள்ளை அமைந்தது. மாதா கோவில் பூசையில் கல்யாண அறிவிப்பின் முதல் ஓலை வாசித்தாயிற்று. இன்னும் இரண்டு ஞாயிறு வாசித்துவிட்டால் கல்யாணம். அவள் சேலை எடுக்கப் போயிருந்த நாளில், மாப்பிள்ளையின் பெரியப்பா என் முன்னால் வந்து உட்கார்ந்தார்.

"பொண்ணோட அப்பா மேல ஏதோ கேஸுன்னு காதுல விழுந்துச்சு. நீங்க பெரிய மனுசரு. உள்ளதச் சொல்லுங்க."

உள்ளது இதுதான். அவள் அப்பா ராயப்பராஜ், ஆத்தூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கிளார்க். பரீட்சை வினாத்தாளை விற்றதாகக் கைது செய்தார்கள், படத்தோடு போட்டோம். சில வருஷம் கழித்து, அவருக்குச் சம்பந்தமே இல்லை, செய்தது வேறு ஆள் என்று கோர்ட் விடுவித்தது. அதையும் நான்கு வரியில் போட்டோம். இரண்டும் பத்திரமாக இருக்கின்றன.

"என் வாயால எதுக்குண்ணே, நீங்களே பாத்துக்கங்க" என்று கம்ப்யூட்டரை அவர் பக்கம் திருப்பினேன். பெயரும் ஊரும் அவரே அடித்தார். வருஷம் மட்டும் நான் சொன்னேன். கைதான வருஷம்.

இரண்டு போலீஸ்காரர்களுக்கு நடுவில் ராயப்பராஜ் வந்து நின்றார்.

"வேற ஏதும் இருக்கா?"

"வந்திருக்கது இம்புட்டுத்தாண்ணே."

திரையில் வந்தது அவ்வளவுதான். இதில் பொய் எங்கே இருக்கிறது?

இரண்டாம் ஓலை வாசிக்கப்படவில்லை. ராயப்பராஜ் பூசைக்கு வந்தால் வாசலிலேயே நின்றுவிட்டுப் போக ஆரம்பித்தார். அடுத்து வந்த வரனுக்கும் இதே கதி.

"சார், அப்பாவ விட்ட செய்தியும் நம்மகிட்ட இருக்குல்ல. ஏன் அத மட்டும் யாரும் பாக்க மாட்டேங்குறாங்க?"

"சனங்களுக்குத் தேடத் தெரியல பாப்பா."

அவள் சும்மா இருக்கவில்லை. நம் இதழில் எப்படித் தேடுவது என்று வாசகர்களுக்கு ஒரு பக்கம் எழுதினாள். 'வருஷக் கட்டத்தைக் காலியாக விடுங்கள். ஒரு வழக்கின் முடிவு வேறு வருஷத்தில் இருக்கலாம்' என்று தடித்த எழுத்தில் ஒரு வரி. நல்ல வரி. இடம் போதாது, எடுத்துவிடு என்றேன். இணையத்தில் இடம் போதாமல் போகுமா என்று கேட்காமல், ஆசிரியர் சொல்கிறார் என்று அவளே எடுத்தாள்.

பிறகு வடமதுரையிலிருந்து ஆரோக்கியதாஸ் என்பவர் மகனுக்கு அவளைப் பெண் கேட்டு ஆபீசுக்கே வந்தார். "இந்தத் தடவ நீங்களே தேடிக் காட்டுங்க சார். நீங்க காட்டுனா நம்புவாங்க" என்று பிரிஸ்கில்லா என்னைக் கும்பிட்டுவிட்டு, டீ வாங்கி வரப் போனாள். காட்டினேன். அவள் வருவதற்குள் அவர் கிளம்பிவிட்டார்.

"காட்டுனீங்களா சார்?"

"காட்டினேன் பாப்பா. அவங்க மனசு அப்படி."

டீயை என் மேசையில் வைத்தாள். "இனிமே வரனே பாக்க வேணாம்னு அப்பாட்ட சொல்லிர்றேன். உங்க ஆபீஸே போதும் சார்."

மூன்று கல்யாணத்தையும் நிறுத்தியது நான்தான்; உங்களிடம் மறைக்கவில்லை. மறுநாளே அவள் நாற்காலியை ஜன்னலோரம் மாற்றிப் போடச் சொன்னேன், கொஞ்சம் காற்றாவது வரட்டும் என்று. பாவம், இந்த ஊரில் அந்தப் பிள்ளைக்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?