ஏணி சாயவில்லை

மாலைப் பேப்பரில் வந்த படம் தவறு சார். அதைச் சொல்லத்தான் வந்தேன். படத்தில் ஜெரி கைகளை விரித்தபடி அந்தரத்தில் இருக்கிறான். ஏணியும் அவனோடு சேர்ந்து சாய்கிறது. வரைந்தவர் ராயபுரம் பக்கமே வந்திருக்க மாட்டார், அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் உங்கள் எஃப்.ஐ.ஆரிலும் ஏணி சரிந்ததால்தான் மரணம் என்று எழுதியிருக்கிறதாம். ரூத் டீச்சர் சொன்னார்.

என் பெயர் ஜெனிஷ். திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் வேலை. சாயந்திரம் ராயபுரம் சர்ச் ஹாலில் ஸ்பானிஷ் படிக்கிறேன். ஜெரியும் ஃபவாஸும் அதே வகுப்பு. ரூத் டீச்சர்தான் நடத்துகிறார்.

இந்த வருஷம் ஒரு பழைய ஸ்பானிய சோக நாடகம் பாடம். ஒருவன் ஏணி வைத்துத் தோட்டத்துச் சுவரேறி, காதலியைப் பார்க்கப் போகிறான். திரும்பி இறங்கும்போது படி தவறி விழுந்து சாகிறான். அவளும் கோபுரத்திலிருந்து குதித்துவிடுகிறாள். டீச்சர் அந்தப் புத்தகத்தின் முதல் காலத்துப் பதிப்புகளில் இருந்த படங்களையும் இந்தக் காலத்துப் படங்களையும் அடுத்தடுத்துத் திரையில் போட்டுக் காட்டினார். பழையவை மரக்கட்டையில் செதுக்கி அச்சடித்தவை. ஒவ்வொருவர் தலைக்கு மேலும் பெயர் இருக்கும். இங்கே காதலனாக நிற்கிற அதே கட்டை இன்னொரு பக்கத்தில் வேறு பெயரோடு வேலைக்காரனாக நிற்கும். எனக்கு அந்தச் சிக்கனம் பிடித்திருந்தது.

பழைய படத்தில் காதலன் தரையில் கிடக்கிறான். ஏணி சுவரோடு நேராக நிற்கிறது. புதிய படத்தில் ஏணியும் அவனும் சேர்ந்து விழுகிறார்கள். எது சரி என்று டீச்சர் கேட்டார். பழையதுதான் என்றேன். ஆள் படி தவறினால் ஏணி ஏன் சாய வேண்டும்?

ஜெரி எழுந்து நின்றான். "இன்னா மாமு, ஆளு வுயுந்து செத்துகினு கீறான், ஏணி மட்டும் அட்டென்ஷன்ல நிக்குது? அதுக்கு இன்னா, போலீஸ் வேலையா?"

வகுப்பே சிரித்தது. டீச்சரும் சிரித்தார். ஃபவாஸ் மட்டும், "வுடு மாமு, அவன் சொல்றதும் கரீட்டா இர்க்கலாம்" என்றான். நல்ல பையன்.

அன்றிலிருந்து ஜெரி என்னை ஏணி என்றே கூப்பிட்டான். பஸ் ஸ்டாப்பில், டீக்கடையில், ஒருமுறை என் யார்டு கேட்டில் சூப்பர்வைசருக்கு எதிரேயே. அதற்காக நான் வருத்தப்படவில்லை. அவன் சொல்வது சரியாக இருக்குமோ என்பதுதான் என் கவலை. எனக்கு எதிலும் சட்டென்று நிச்சயம் வராது. வீட்டுக் கதவைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை போய்த் திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிற ஆள் நான்.

அதனால் யார்டில் ஓர் ஏணியைச் சாத்தி மேலிருந்து மணல் மூட்டையை உருட்டிவிட்டுப் பார்த்தேன். ஒரு தடவை ஏணி நின்றது, ஒரு தடவை சாய்ந்தது. பிறகுதான் தோன்றியது, மூட்டைக்குக் கால் இல்லை. அது படி தவறாது.

ஆண்டு விழாவுக்கு அந்த இரண்டு படங்களையும் ஃப்ளெக்ஸில் அடித்து ஹால் முகப்பில் கட்டுவதாக ஏற்பாடு. மாடிக் கதவுச் சாவி, சர்ச்சில் மணியடிக்கிற கோயில்பிள்ளையிடம் இருந்தது, அவர் ஊரில் இல்லை. சர்ச்சின் இரும்பு ஏணியைச் சாத்தினோம். கறுப்புப் பெயிண்ட் அடித்த ஏணி. ஜெரியும் நானும் ஏறி, கைப்பிடிச் சுவரைத் தாண்டி மொட்டைமாடியில் நின்று கயிறு கட்டினோம். ஃபவாஸ் கீழே பிடித்துக்கொண்டிருந்தான்.

நான் முதலில் இறங்கி, ஏணியின் மறுபக்கத்தைப் பிடித்துக்கொண்டேன். ஜெரி சுவர் மேல் உட்கார்ந்து எட்டிப் பார்த்தான்.

"டேய் ஏணி, கெட்டியா புடிடா. நான் பூட்டா அந்தப் பயைய படத்துல உன் பேர எயுதிடுவாங்கோ."

"வாய மூடிகினு எறங்கு நைனா, டீ ஆறிப்போவுது" என்றான் ஃபவாஸ்.

ஜெரி திரும்பி, கைப்பிடிச் சுவரைத் தாண்டி ஏணிப் படியில் காலை வைத்தான். வழுக்கியது.

நான் பிடியை இறுக்கினேன். ஃபவாஸ் ஏணியை விட்டுவிட்டு அவனைத் தாங்கப் பாய்ந்தான். எட்டவில்லை. ஜெரியின் தலை வாசல் கல்லில் பட்டது. ஏணி இம்மியும் அசையவில்லை சார்.

பிறகு கூட்டம் கூடிவிட்டது. காற்றுப் படட்டும் என்று சொல்லி ஜெரியின் செருப்பை நான்தான் கழற்றினேன். ஆட்டோ உள்ளே வர யாரோ ஏணியை எடுத்துக் கிடத்தினார்கள். நீங்கள் வந்தபோது அது தரையில் கிடந்தது. "நான் கைய வுட்டுட்டேன் சார், வுட்டுட்டேன்" என்று ஃபவாஸ் அழுதான். தாங்கப் போவதற்காக விட்டதைத்தான் சொன்னான். அதற்குள் எல்லோரும், ஒருத்தன் விட்டான், இன்னொருத்தன் கடைசிவரை பிடித்திருந்தான் என்று முடிவு செய்துவிட்டார்கள். பாதர் என் தோளைத் தட்டிக்கொடுத்தார். இரவு ஆஸ்பத்திரியில் ஜெரி இறந்துபோனான்.

இப்போது ஃபவாஸை உள்ளே வைத்திருக்கிறீர்கள். அவன் அம்மா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். நான் வரும்போது கையைப் பிடித்துக்கொண்டு, "கண்ணு, நீயாச்சும் புடிச்சிகினு இருந்த, எம்புள்ள ஏன்டா வுட்டான்?" என்று கேட்டார். பதில் சொன்னால் நீளும் என்று உள்ளே வந்துவிட்டேன். அவனை அனுப்பிவிடுங்கள். ஏணி சரிந்தது என்று நீங்கள் எழுதியிருக்கும் வரை அவன்தான் குற்றவாளி. அதைவிட, அது உண்மையும் இல்லை.

இறங்கும்போது மேலிருந்து இரண்டாவது படியில் கிரீஸ் தடவியது நான்தான். யார்டில் கிரேன் கயிற்றுக்குப் போடுகிற கறுப்பு கிரீஸ். கர்ச்சீப்பில் மடித்துப் பாக்கெட்டில் வைத்திருந்தேன். அதிகம் வேண்டியிருக்கவில்லை. ஏணியைக் கிடத்திய பிறகு, எல்லோரும் ஆட்டோவைச் சுற்றி நின்றபோது படியையும் அவன் செருப்பின் அடியையும் துடைத்துவிட்டேன். எனக்கு ஜெரியைக் கொல்ல வேண்டும் என்ற எண்ணம் இல்லை. அவன் விழ வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

அவனுக்கும் கடைசியில் என் மேல் கோபம் இருந்திருக்காது. விழும்போது அவன் என்னைப் பார்க்கவில்லை, ஏணியைத்தான் பார்த்தான். அது நின்றுகொண்டிருந்தது. வாயைத் திறந்தான். நான் சொன்னதுதான் சரி என்று சொல்ல வந்திருப்பான்.