திருப்பிப் போட்ட வாஷர்

நெருங்கி உட்காருங்கள். முதுகை யாராவது சுரண்டினால் திரும்பிப் பார்க்காதீர்கள். பக்கத்தில் இருப்பவராகத்தான் இருக்கும்... பெரும்பாலும்.

பேய் என்றால் நடுராத்திரி, நாய் ஊளை, வெள்ளைச் சேலை என்று நினைக்கிறீர்கள். அதெல்லாம் வேலைவெட்டி இல்லாத பேய்கள். இது வேலைக்கு வந்த பேய். வந்தது பட்டப்பகலில். மத்தியானம் இரண்டே கால் மணிக்கு.

வெயில் என்றால் அப்படி ஒரு வெயில். தார் உருகி லாரிச் சக்கரத்தில் ஒட்டிக்கொண்டு, லாரி கிளம்பினால் சாலையும் நாலு அடி கூடவே போகும். முன்னாலும் பின்னாலும் எட்டு மைலுக்கு ஆள் கிடையாது. நடுவில் ஒரு பெட்ரோல் பங்க், அதை ஒட்டி ஒரு சாப்பாட்டுக் கடை. அந்தக் கடையை நோக்கி ஸ்கூட்டரில் ஒருவர் போய்க்கொண்டிருந்தார்.

அவர் என் சீட்டாட்டக் கூட்டாளியின் மச்சான். அவரை எல்லோரும் நுரை என்றுதான் கூப்பிடுவார்கள். ஹோட்டல், தியேட்டர், ஆஸ்பத்திரி கேண்டீன் என்று எங்கெல்லாம் கூல்டிரிங்க்ஸ் மெஷின் நிற்கிறதோ, அதை மாட்டுவதும் பராமரிப்பதும் அவர் தொழில். கிளாஸில் எழும் நுரையைப் பார்த்தே சொல்லிவிடுவார். தண்ணீர் எத்தனை டிகிரி, சிரப் எந்த மாதத்தது, கடைக்காரருக்கும் அவர் வீட்டம்மாவுக்கும் சண்டையா சமாதானமா எல்லாம். கடைசி ஒன்று மட்டும் எப்போதாவது தப்பும்.

கல்லாவுக்குப் பக்கத்தில் பளபளவென்று நிற்கிறதே, அது மெஷினின் முகம்தான். உயிர் பின்னறையில் இருக்கிறது. அட்டைப் பெட்டிகளில் சிரப் பைகள், தண்ணீரில் சோடா கேஸை ஏற்றும் மோட்டார், சுவரோடு சங்கிலி போட்டுக் கட்டிய கேஸ் சிலிண்டர். சிலிண்டர் தலையில் ஒரு வால்வுச் சக்கரம். அதைத் திறந்தால்தான் மெஷினுக்கு மூச்சு.

அந்தக் கடை மெஷினை மாட்டியவரே நுரைதான். அங்கே பில் போட்டுக்கொண்டிருந்தது அவர் மனைவி. அந்தம்மா வாய் இருக்கிறதே... எதிரே வந்த லாரியை நிறுத்திப் பின்னால் போக வைத்த வாய். மெஷினில் ஏதாவது கோளாறு என்றால் நுரை பத்தே நிமிடத்தில் வந்து நிற்பார். அந்தம்மா விடமாட்டார்.

"எனக்குக் காய்ச்சல்னா மாத்திரையை நீட்டுறீங்க. மெஷினுக்குக் காய்ச்சல்னா பறந்து வர்றீங்க."

"மெஷின் திருப்பித் திட்டாதும்மா."

கடையே சிரிக்கும். பாதிக் கோளாறு அந்தம்மா உண்டாக்கியது என்றும் பேச்சு உண்டு. வீட்டுக்காரரை மத்தியானத்தில் ஒரு தடவை பார்க்க வேண்டும் என்றால் ஒரு குழாயைச் சற்று நெகிழ்த்திவிட்டால் போதுமே.

இதுவரை கொஞ்சம் கூட்டித்தான் சொன்னேன். இனிமேல் கூட்டவில்லை.

அந்தப் பின்னறை கடைத் தரையைவிட ஒரு படி இறக்கம். சிமெண்ட் தரை ஜில்லென்று இருக்கும். சாப்பாட்டுக் கூட்டம் ஓய்ந்ததும் அந்தம்மா கதவைச் சாத்திக்கொண்டு அரை மணி நேரம் அங்கே படுப்பார். ஒரு நாள் காலையில் நுரை வந்து சிலிண்டர் மாற்றினார். சிலிண்டர் வாயும் ரெகுலேட்டரும் சேருகிற இடத்தில், கேஸ் கசியாமல் அடைக்க, ஒரு வாஷர் உண்டு. நாணயம் அளவுதான். ஒவ்வொரு சிலிண்டருக்கும் புதிதாகப் போட வேண்டும். அன்றைக்குப் புது வாஷர் இருந்த டப்பா வீட்டில். அடுத்துப் போக வேண்டிய கடைக்காரர் போனில் கத்திக்கொண்டிருந்தார். நுரை பழைய வாஷரை எடுத்துப் பார்த்தார். ஒரு பக்கம் தேய்ந்திருந்தது. திருப்பிப் போட்டார்.

அவ்வளவுதான். அந்தத் தொழிலில் எல்லோரும் ஒரு நாளாவது செய்கிறதுதான். சோப்புத் தண்ணீர் தடவிக் கசிகிறதா என்று பார்க்கக்கூட நேரமில்லை. கிளம்பிவிட்டார்.

சோடா கேஸுக்கு வாசனை கிடையாது. காற்றைவிடக் கனம். இறக்கமான அறையில் தண்ணீர் மாதிரி தரையோடு தேங்கும். நிற்கிறவருக்கு ஒன்றும் ஆகாது. படுத்திருக்கிறவருக்கு...

உயிர் போனது இரண்டே கால் வாக்கில் இருக்கும் என்றார் டாக்டர். கதவைத் திறந்தபோது அந்தம்மா தரையில் கிடந்தார். வலது கை மட்டும் வால்வுச் சக்கரத்தை நோக்கி நீண்டிருந்ததாம். தெரிந்திருக்கிறது. எழுந்திருக்க வரவில்லை. கையும் எட்டவில்லை.

பழைய சிலிண்டர், வாயில் பழுது என்று போலீஸில் எழுதி முடித்தார்கள். வாஷரைக் கழற்றி யாரும் பார்க்கவில்லை. நுரை வாயைத் திறக்கவில்லை. அன்று முதல் அவர் சட்டைப் பை, கால்சட்டைப் பை, தலையணை அடி எங்கும் புது வாஷர்கள். அந்தச் சாலைப் பக்கம் மட்டும் இரண்டு வருடம் தலைகாட்டவில்லை.

பிறகு ஒரு நாள் கடை முதலாளி போன் செய்தார்.

"நீ வரமாட்டேன்னு தெரியும் நுரை. ஆனா ஒம்போது மெக்கானிக் பாத்தாச்சு. தினமும் மத்தியானம் கேஸ் நின்னுபோவுது. போய்ப் பாத்தா வால்வு இறுக்கி மூடிக் கிடக்கு. பில் போடுற பொண்ணு மேலதான் எனக்குச் சந்தேகம். வேலையை விட்டு அனுப்பிடலாம்னு இருக்கேன்."

"எத்தனை மணிக்கு மூடுது?"

"ரெண்டே கால்."

நுரை போனைக் காதில் வைத்தபடியே சட்டைப் பையிலிருந்த வாஷர்களை எண்ணினார். முதலாளியே கொஞ்ச நேரம் ஹலோ ஹலோ என்றுவிட்டு வைத்துவிட்டார்.

மறுநாள்தான் அந்த ஸ்கூட்டர் பயணம். கடையில் கூட்டம் ஓய்ந்திருந்தது. பில் போடும் பெண் இடுப்பில் கை வைத்து நின்றாள். வெளியூரிலிருந்து வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது. பழைய கதையை அவளிடம் யாரும் சொல்லவில்லை. சொன்னால் ஓடிவிடுவாளே. பின்னறையில் படுக்கக் கூடாது என்று மட்டும் முதலாளி சொல்லி வைத்திருந்தார்.

"நீங்க பத்தாவது அண்ணே. ஒம்போது பேரும் என்னைத்தான் மொறைச்சாங்க. தூக்கத்துல எந்திரிச்சு நான் வால்வை மூடுறேனாம். தூக்கத்துல நான் போர்வையே மூட மாட்டேன்!"

"தூக்கமா? எங்க தூங்குற?"

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். "முதலாளிகிட்ட சொல்லிடாதீங்க அண்ணே. உள்ளதான். தரை ஜில்லுனு இருக்கும்."

நுரை அவளை வெளியே வேப்ப நிழலில் போய்ப் படுக்கச் சொல்லிவிட்டுப் பின்னறைக் கதவைத் திறந்தார். ஒரு படி இறங்கினார்.

சிரப்பின் பிசுபிசுத்த இனிப்பு வாசனை. ஈர அட்டையின் வாசனை. மோட்டார் 'டக்' என்று நின்றது. அந்த அமைதியில்... ஸ்ஸ்ஸ்... மிக மெல்லிய சத்தம். குனிந்தார். சோடா குடித்து ஏப்பம் விட்டால் மூக்கில் ஒரு குத்தல் ஏறுமே, அது ஏறியது. சோப்புத் தண்ணீரைத் தொட்டு ரெகுலேட்டர் மூட்டில் தடவினார். ஒரு குமிழ் வந்தது. பெரிதானது. உடைந்தது. இன்னொன்று வந்தது.

அப்போது... கீக்.

வால்வுச் சக்கரம் நகர்ந்தது. யாரும் தொடவில்லை. அரைச் சுற்று சுற்றி நின்றது. எட்டாத இடத்துக்குக் கையை நீட்டிக் களைத்துப் போனவர் இளைப்பாறுகிற மாதிரி நின்றது. பிறகு மறுபடியும் கீக்... கீக்... ஒரு முழுச் சுற்று. ஸ்ஸ்ஸ் சத்தம் அடங்கிப்போயிற்று. கடைசிக் குமிழ் மட்டும் உடையாமல் அப்படியே நின்றது.

நுரை கையை நீட்டிச் சக்கரத்தைத் தொட்டார். சிலிண்டர் உடம்பு பனிக்கட்டியாய் வியர்த்திருந்தது. சக்கரம் மட்டும் வெதுவெதுவென்று இருந்தது.

"வாஷரு..." என்றார். "நான்தான் திருப்பிப் போட்டேன். புதுசு வீட்ல இருந்துச்சும்மா. அவசரம்னு... நான்தான்."

எட்டு மைல் தூரத்து லாரிக்கும் பதில் சொல்கிற வாய் அது. ஒரு வார்த்தைகூடத் திட்டவில்லை.

ரெகுலேட்டரைக் கழற்றினார். உள்ளே இருந்த வாஷர் இரண்டு பக்கமும் தேய்ந்திருந்தது. சிலிண்டர் மாற்றிய எவனோ பழையதையே திருப்பிப் போட்டிருக்கிறான். அதனால்தான். கீழே ஒருத்தி படுத்துத் தூங்குகிறாள், அதனால்தான் அந்தம்மா தினமும் கையை நீட்டியிருக்கிறார்.

பையிலிருந்து புது வாஷரை எடுத்தார். எடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார். இதைப் போட்டால் கசியாது. கசியாவிட்டால் அந்தம்மா வர வேண்டியதில்லை. இரண்டு வருடத்தில் இப்போதுதான் வந்திருக்கிறார்...

வெளியிலிருந்து அந்தப் பெண்ணின் குறட்டை கேட்டது. நுரை வாஷரைப் போட்டார். இறுக்கினார். சோப்புத் தண்ணீர் தடவினார். ஒரு குமிழ்கூட வரவில்லை.

மறுநாளும் வந்தார். அறைக்குள் நின்றபடி மணியைப் பார்த்தார். இரண்டே கால். இரண்டு இருபது. இரண்டரை. சக்கரம் அசையவில்லை. மெஷின் ஒழுங்காக வேலை செய்கிறதே என்று அழுத மெக்கானிக் உலகத்திலேயே அவர் ஒருவர்தான்.

மூன்றாம் நாளும் வந்தார். உள்ளே யாரும் வரக் கூடாது என்று அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். ஸ்பேனரை எடுத்தார். ரெகுலேட்டர் நட்டைக் கால் சுற்று... கால் சுற்றுக்கும் கொஞ்சம் கூட... தளர்த்தினார்.

ஸ்ஸ்ஸ்.

அந்தம்மா கிடந்த இடம் அவருக்குத் தெரியும். அதன் பக்கத்தில் ஒருக்களித்துப் படுத்தார். தரை ஜில்லென்றுதான் இருந்தது. மூக்கில் குத்தல் ஏறியது. தலைக்குள் யாரோ மத்தளம் தட்டினார்கள். "வாம்மா," என்றார். "ஒரே ஒரு தடவை. திட்டிட்டுப் போ." அதற்குப் பிறகு அவருக்கு ஒன்றும் நினைவில்லை.

கண் விழித்தபோது வெயில். கொல்லைப்புறத்து மண். முகமெல்லாம் தண்ணீர். அந்தப் பெண் மூச்சு வாங்க அவர் தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தாள்.

"என்னண்ணே இது? என்னைப் படுக்காதேன்னுட்டு நீங்க போய்ப் படுத்துட்டீங்க? அந்த அக்கா மட்டும் கூப்பிடலைன்னா என்ன ஆயிருக்கும்?"

"எந்த... அக்கா?"

"உள்ள இருக்காங்களே, அவங்கதான். கதவுக்குக் கீழயிருந்து குரல் வந்துச்சு. 'அவரை எழுப்பி விடும்மா, ஒருக்களிச்சுப் படுத்தா அவருக்குக் கழுத்து புடிச்சுக்கும்'னாங்க. கதவைத் திறந்தா நீங்க ரெண்டு பேரும் கெடக்குறீங்க. வால்வை மூடலாம்னு போனேன், அது ஏற்கெனவே மூடித்தான் இருந்துச்சு. கொல்லைக் கதவையும் திறந்து ஃபேனைப் போட்டேன். உங்களை இழுக்குறதுக்குள்ள எனக்கு உசுரு போயிருச்சு. என்ன கனம் கனக்குறீங்க!"

நுரை எழுந்து உட்கார்ந்தார். உலகம் சுற்றியது.

"அவங்க... வேற என்ன சொன்னாங்க?"

"முதல்ல அவரைத் தூக்கு, எனக்கு எந்திரிக்க வரலைன்னாங்க. பாவம்ணே, இன்னும் உள்ளயே படுத்திருக்காங்க. வாங்க, நீங்க ஒரு கை குடுங்க. என்னால ஒண்டியா முடியாது."

அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். அறைக்குள் ஃபேன் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. சிரப் பெட்டிகள், மோட்டார், சிலிண்டர். வெறும் சிமெண்ட் தரை. படியில் கால் வைத்தார்.

"பாத்துண்ணே!" என்று அந்தப் பெண் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "கையை மிதிச்சிடப் போறீங்க."

நுரை காலை எடுத்துக்கொண்டார். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தார். விளையாட்டு இல்லை. அவள் கண் தரையில் ஒரே இடத்தில் நின்றது. அவர் மெல்ல முழங்காலிட்டார்.

"இன்னும் கொஞ்சம் இந்தப் பக்கம்ணே... ஆங். கழுத்துக்குக் கீழ கையைக் குடுங்க. இன்னொரு கை முழங்காலுக்கு அடியில. கூந்தல் மாட்டிக்கிச்சு பாருங்க, இருங்க, நான் எடுத்து விடுறேன்." குனிந்து எதையோ விரலால் ஒதுக்கிவிட்டாள். "இப்ப தூக்குங்க."

அவர் தூக்கினார்.

கனம் இருந்ததா என்று என் கூட்டாளி பிற்பாடு ஒரு தடவை கேட்டிருக்கிறார். மச்சான் கையிலிருந்த சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாராம்.

ஒரு படி ஏறினார். கொல்லைக் கதவு வரைக்கும் நடந்தார், நெஞ்சோடு இரண்டு கையையும் ஏந்திக்கொண்டு. அந்தப் பெண் முன்னால் ஓடிப்போய்க் கதவை அகலத் திறந்தாள். வெயில் உள்ளே விழுந்தது. அவள் சட்டென்று தன் கையை விரித்து, அவர் முழங்கைக்குச் சற்று மேலே, ஒன்றுமில்லாத இடத்தில், நிழலுக்காகப் பிடித்தாள்.

"மெதுவாண்ணே," என்றாள் தாழ்ந்த குரலில். "கண்ணைத் திறக்கிறாங்க."