ஐம்பத்தோராவது ஆள்

என் காதால் கேட்டதை மட்டுமே எழுதுகிறேன்; பேருந்திலிருந்த மற்றவர்கள் கூட்டிச் சொன்னவற்றுக்குச் சான்று இல்லை. குருத்தோலை ஞாயிறன்று அம்பாசமுத்திரத்தில் ஏறி எனக்கு முன்னே அமர்ந்தவர்கள் ஓர் உபதேசியாரும் அவருடைய மாமியாரும்.

“பவனியில சபையே நடுரோட்டுல போவுது. என்னை மட்டும் எதிர்ச்சாரியில தனியா நடக்க விட்டுட்டீங்களே மாப்பிள்ளை!”

“போலீஸ் அனுமதி ஐம்பது பேருக்குத்தான் அத்தை. எண்ணிப் பாத்தேன், நீங்க ஐம்பத்தொண்ணு. அரசாங்கத்துக்குக் கீழ்ப்படியணும்னு வேதத்துலயே இருக்குல்லா?”

“ஓசன்னா பாடிட்டுப் போறவகிட்ட, ஓலை என்ன விலைன்னு ஒருத்தன் கேக்கான்!”

“அதான் பைய பாடுங்கன்னு சைகை காட்டினேன். இன்ஸ்பெக்டர் பாத்தா ரெண்டு பவனின்னுல்லா நினைப்பாரு?”

அம்மையார் சன்னலுக்கு மேலே விரலை நீட்டினார்.

“அங்கன அரசாங்கம் என்ன எழுதியிருக்கு? வாசிங்க.”

“பெண்கள்.”

“கீழ்ப்படியுங்க.”

உபதேசியார் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டார். நான் சேரன்மகாதேவியில் இறங்கிவிட்டேன். திருநெல்வேலி போய்ச் சேருமுன் அவருக்கு மன்னிப்புக் கிடைத்ததா என்பது எனக்குத் தெரியாது.